போகாத பல் மருத்துவருக்குக் கட்டணமா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவர் நேற்று எழுதியிருந்தார். வராத அப்பாயின்ட்மென்ட்டுக்கு 50 பவுண்டு கட்டச் சொல்லிப் பல் கிளினிக்கிலிருந்து மின்னஞ்சலாம். முதல் நாளே போன் செய்து ரத்து செய்துவிட்டதாகச் சொல்கிறார். "கட்டித் தொலைத்துவிடுகிறேன் அண்ணா, எதற்கு வம்பு? விசாவில் ஏதாவது வந்துவிட்டால்?" என்று முடித்திருந்தார். தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இதே கேள்வியை வேறு இருவரும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்கள் அங்குள்ள விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் விசா பயத்தை இறக்கி வையுங்கள். விசா விதிகளில் வருவது, வெளிநாட்டவர் என்ற முறையில் அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். விதித்த சிகிச்சைக் கட்டணத்தில் 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி வைப்பது. தனியார் பல் மருத்துவர் கேட்கும் 50 பவுண்டு அந்தக் கணக்கில் சேராது.

அடுத்து நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கேள்வி: அந்த அப்பாயின்ட்மென்ட் என்.எச்.எஸ்ஸா, தனியாரா? என்.எச்.எஸ். என்றால் பேச்சே இல்லை. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பல் மருத்துவர் வராத நேரத்துக்குக் கட்டணம் வாங்க முடியாது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. சொல்லாமல் வராதவரின் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. வேறு இடத்தில் தொடங்கினால் மறுபடி முழுக் கட்டணம்: 2025 ஏப்ரலில் அது பரிசோதனைக்கு 27.40, பல் அடைப்பதற்கு 75.30 பவுண்டாக இருந்தது. விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதார வரி கட்டி வந்தவர்களும் இதைக் கட்டத்தான் வேண்டும். பல் அந்த வரிக்குள் அடங்காது என்று தெரியவரும் நாளில் எல்லோருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது.

நம்மவர்கள் ஏமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரே கிளினிக், ஒரே வாசல், ஒரே வரவேற்பு மேசை. ஆனால் பல் மருத்துவர் பார்க்கும் பரிசோதனை என்.எச்.எஸ்., பக்கத்து அறையில் ஹைஜீனிஸ்ட் செய்யும் பல் சுத்தம் தனியார். இப்படிக் கலந்து நடத்தும் கிளினிக்குகள்தான் நிறைய. எனக்கு வந்த வினையும் அந்தப் பக்கத்து அறையால்தான்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை காலை 9.30க்கு ஹைஜீனிஸ்ட். அலுவலகத்தில் திடீர்க் கூட்டம் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை கிளினிக் திறந்த கையோடு போன் செய்தேன். ஆறு நிமிடம் பியானோ இசை கேட்டபிறகு ஒரு பெண் எடுத்தார், "சரி, ரத்து செய்துவிட்டேன்" என்றார், வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து 45 பவுண்டு பில் வந்தது. கேட்டால், "கணினியில் எந்தக் குறிப்பும் இல்லையே" என்கிறார்கள். ஆனால் என் போனில் குறிப்பு இருந்தது. திங்கள் காலை 8.04, கிளினிக்கின் எண், 7 நிமிடம் 12 வினாடி. அவர்களுடைய விதியோ 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் போதும் என்பது. நான் சொன்னது 25 மணி நேரத்துக்கு முன். அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். தம்பி, நீங்களும் இப்போதே எடுத்து வையுங்கள். பழைய அழைப்புகள் போனில் என்றென்றைக்கும் நிற்காது.

பிறகு போனில் வாதாடவில்லை. எழுதினேன். ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இவ்வளவுதான்: "இந்தக் கட்டணத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தேன், அழைப்புப் பதிவை இணைத்திருக்கிறேன். நான் ஒப்புக்கொண்ட ரத்து விதியின் நகலை அனுப்புங்கள். அந்த நேரம் வேறு நோயாளிக்குத் தரப்பட்டதா என்றும் தெரிவியுங்கள். இதை முறையான புகாராக எடுத்துக்கொள்ளவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கிளினிக்கும் புகார்களைக் கையாள ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்பது பல் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் டென்டல் கவுன்சிலின் விதி. "புகார்" என்ற சொல் வந்துவிட்டால் கடிதம் வரவேற்பு மேசையைத் தாண்டி உள்ளே போய்விடும். நேரம் வேறொருவருக்குத் தரப்பட்டதா என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஒப்பந்த விதிகள் நியாயமாக இருக்க வேண்டும். நிஜமாக ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு கேட்கலாம், அதற்கு மேல் தண்டம் வசூலிப்பது நியாயத்தில் நிற்காது. நீங்கள் விட்ட இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்து பணம் கட்டிவிட்டுப் போயிருந்தால் நட்டம் எங்கே?

குறிப்பு எதுவும் இல்லை என்று அவர்கள் சாதித்தால், உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள எல்லாப் பதிவுகளையும் கேட்டு எழுதுங்கள். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அது உங்கள் உரிமை. கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். 45 பவுண்டுக்காக அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள எந்தக் கிளினிக்கும் விரும்பாது.

அதற்கும் மசியவில்லை என்றால், தனியார் சிகிச்சை பற்றிய புகார்களைத் தீர்க்க உதவும் டென்டல் கம்ப்ளெயின்ட்ஸ் சர்வீஸ் இருக்கிறது. நோயாளிக்குச் செலவில்லை, ஆனால் முதலில் கிளினிக்கிடம் புகார் செய்திருக்க வேண்டும். என்.எச்.எஸ். விவகாரம் என்றால் கிளினிக்கிடமோ, அதற்குப் பதிலாக உங்கள் பகுதியின் என்.எச்.எஸ். நிர்வாக அமைப்பான இன்டக்ரேட்டட் கேர் போர்டிடமோ புகார் செய்யலாம். அந்தப் பதிலும் சரியில்லை என்றால் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன். கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து சிவப்பு எழுத்தில் கடிதம் வந்தாலும் நடுங்க வேண்டாம். அவர்கள் நீதிமன்ற ஜப்தி அதிகாரிகள் அல்ல, வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இந்தத் தொகையை ஏற்கவில்லை என்று அவர்களுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நீதிமன்றத்திலிருந்தே காகிதம் வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், குறித்த கெடுவுக்குள் பதில் தர வேண்டும்.

உண்மையிலேயே மறந்துபோய்ப் போகாதவர்கள் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். முன்பே ஒப்புக்கொண்ட நியாயமான தொகை என்றால் கட்டத்தான் வேண்டும். முதல் முறை, மன்னியுங்கள் என்று எழுதிப் பாருங்கள், பல இடங்களில் விட்டுவிடுவார்கள்.

என் விஷயத்தில் மூன்றாம் நாள் பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" கட்டணத்தை நீக்கிவிட்டார்களாம். அவர்கள் தவறுக்கு என் மீது நல்லெண்ணம்! பதிலுக்கு ஒன்று எழுதலாம் என்று கை துடித்தது, மனைவி மடிக்கணினியை மூடிவிட்டார். இன்றும் அதே கிளினிக்குக்குத்தான் போகிறோம், புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் என்.எச்.எஸ். பல் மருத்துவர் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. போன மாதம் ஒரு நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. போனில் சொன்னேன், உடனே அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினேன். "இப்போதுதானே சொன்னீர்கள், எதற்கு மின்னஞ்சல் வேறு?" என்று வரவேற்பாளர் திருப்பிக் கேட்டிருந்தார். அந்தப் பதிலையும் சேமித்து வைத்திருக்கிறேன்.