‘ஸ்விங் டைம்’: அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் காட்டாமல் தாண்டிவிடலாமா?

பழைய ரீல்:
ஞாயிறன்று மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் ‘ஸ்விங் டைம்’ (1936) என்ற ஹாலிவுட் நடனப் படத்தைப் போட்டுக் காட்டப் போகிறேன். ஃப்ரெட் அஸ்டேர் சூதாட்டப் பித்துப் பிடித்த நடனக்காரர், ஜிஞ்சர் ராஜர்ஸ் நடனப்பள்ளி ஆசிரியை. இருவரும் நியூயார்க்கில் ‘சில்வர் சாண்டல்’ என்ற நைட் கிளப்பில் ஆடுகிறார்கள். கதையைத் துருவாதீர்கள், பேன்ட் மடிப்பைக் காரணம் காட்டியே மாப்பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்துவிடுவார்கள்! என் சிக்கல் வேறு. கிளப்பில் வெள்ளையரான அஸ்டேர், கறுப்பினத்தவரைக் கேலி செய்த பழைய மேடை வழக்கப்படி முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ‘போஜாங்கிள்ஸ் ஆஃப் ஹார்லெம்’ ஆடுகிறார். அதைக் காட்டாமல் தாண்டிவிடலாமா?

தாளக்கட்டை:
கூடவே கூடாது. போஜாங்கிள்ஸ் என்பது பில் ராபின்சன் என்ற கறுப்பின டாப் (காலணியால் தரையில் தாளம் தட்டும்) நடன மேதையின் பட்டப்பெயர். இது அவருக்குச் செலுத்திய மரியாதை. அந்த மூன்று நிழல்களைப் பாருங்கள்! நிழலைத் தனியாகப் படமெடுத்து, அதை மூன்றாக்கி, அவர் ஆட்டத்தோடு சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் நிழல்களே ஈடுகொடுக்க முடியாமல் கையை உதறிவிட்டுப் போய்விடும். இந்த ஆட்டத்துக்காக நடன இயக்குநர் ஹெர்மஸ் பானுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

மேடைக்குப் பின்:
மரியாதையா? ராபின்சன் அப்போது உயிரோடுதான் இருந்தார். படம் வந்த அதே 1936 செப்டம்பரில், நியூயார்க்கின் பிராட்வேக்கு இடம் மாறிய காட்டன் கிளப் என்ற நைட் கிளப்பின் தொடக்க நிகழ்ச்சியில் ஜாஸ் பாடகர் கேப் காலோவேயோடு அவர்தான் தலைமை நட்சத்திரம். முந்தைய வருடமே குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளோடு திரையில் படியேறி ஆடியவர். அவரையே கூப்பிட்டு ஆடவிட்டிருக்கலாமே. ஒருவரின் பெயரையும் நிறத்தையும் எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் வெளியே நிறுத்துவது என்ன மரியாதை, ஐயா?

தாளக்கட்டை:
அந்தக் காலத்து வழக்கம் அது. அதிலும் அஸ்டேர், மற்றவர்களைப் போல உதட்டைப் பெரிதாக வரைந்து கோமாளியாக்கவில்லை. ஆட்டம் உண்மையில் இன்னொரு கறுப்பின டாப் கலைஞர் ஜான் பபிள்ஸின் பாணிக்குத்தான் நெருக்கம். ராபின்சன் முன்பாதத்தில் லேசாக ஆடுவார். குதிகாலை அடித்துத் தாளத்தைச் சிக்கலாக்கியவர் பபிள்ஸ். கற்றவனுக்குத்தான் அந்த வித்தியாசம் காலில் வரும்.

மேடைக்குப் பின்:
அப்படியானால் பெயர் ஒருவருக்கு, அடவு இன்னொருவருடையது. இதையா மரியாதை என்கிறீர்கள்? உதடு வரையவில்லை என்றீர்கள். ஆட்டம் தொடங்கும்போது திரை நிறையத் தெரியும் முகத்தை மறந்துவிட்டீர்களா? தடித்த உதடு, மேலே தொப்பி. அப்புறம்தான் அது ராட்சதச் செருப்பின் அடிப்பகுதி என்று தெரியும். அஸ்டேர் முகத்தில் வரையாததைச் செட்டில் வரைந்துவிட்டார்கள்.

மல்லிப்பந்தல்:
நான் நடனம் சொல்லித் தருகிறவள். நீங்கள் இருவரும் ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டீர்கள். கடைசியில் காலியான அதே கிளப்பில் ‘நெவர் கோனா டான்ஸ்’ வருமே, 47 முறை எடுத்தார்கள், ஜிஞ்சரின் பாதத்தில் ரத்தம் கசிந்தது. தோளில் தெரியும் சோர்வும் பிரிவின் துயரமும் ஒன்றாகவே கலந்துவிடும். அதற்காகவாவது படத்தைப் போடுங்கள். ஆனால் மேடைக்குப் பின் சொல்வது சரிதான். அண்ணா, பிள்ளைகளிடம் மறைத்தால் பின்னால் அவர்களே யூடியூபில் பார்ப்பார்கள்.

தாளக்கட்டை:
செருப்பு விஷயத்தை இப்போதுதான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இத்தனை வருடம் என் கண் அஸ்டேரின் காலைவிட்டு நகர்ந்ததே இல்லை. சரி, அந்த முகத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நிழல் ஆட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேடைக்குப் பின்:
நிழல் ஆட்டத்தை யாரும் கேட்கவில்லை. அது எனக்கும் பிடிக்கும், அதனால்தான் கோபமே.

பழைய ரீல்:
அந்த ஆட்டத்தைத் தாண்டப் போவதில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, ராபின்சன் ஷெர்லியோடு ஆடிய படிக்கட்டு ஆட்டத்தை முதலில் போடுகிறேன். அதற்கப்புறம் இதைப் பார்க்கட்டும். தலையில் ஷாம்பு நுரையோடு ஜிஞ்சர் வந்து நிற்கும் காட்சிக்குச் சிரிக்காவிட்டால்தான் எனக்கு வருத்தம்.