நாலு டிஸ்க் ரெய்டு பெட்டி, ஏழு வருஷம் ஓடியது, ஒரு டிஸ்க் போய்விட்டது. ரீபில்டு போடலாமா?

கும்பகோணம் ஸ்டூடியோ:

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. 2017-ல் வாங்கிய நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது, நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டிபி, ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றை வைத்து ஃபைல்கள் கிடைக்கும் ஏற்பாடு. முந்தாநாள் காலையில் கடையைத் திறந்ததும் உள்ளறையிலிருந்து விட்டு விட்டு பீப் சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டாவது டிஸ்கின் விளக்கு சிவப்பு, மற்ற மூன்றும் பச்சை. 'டிகிரேடட்' என்று காட்டுகிறது, ஆனாலும் ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றன.

ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலைமை பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, எடுத்துப் பார்த்தேன். நாலுமே 61,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கின்றன. நாலாவது டிஸ்கில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்ற இடத்தில் 24 என்று இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை. மொத்தம் 6.8 டிபி உள்ளே இருக்கிறது. தை மாதம் எடுத்த ஐந்து கல்யாணம் இன்னும் ஆல்பம் போட்டுக் கொடுக்கவில்லை, அதற்கு வேறு காப்பியே கிடையாது.

புது 4 டிபி டிஸ்க் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். செருகினால் ரீபில்டு, அதாவது போன டிஸ்கில் இருந்ததைப் புதியதில் திரும்பக் கட்டுவது, தானாக ஓடும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் பார்க்க வரும் தம்பியோ பெட்டியை இனிஷியலைஸ் பண்ணிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்வது?

பழைய சர்வர்:

அண்ணே, இனிஷியலைஸ் என்கிற பட்டன் பக்கமே போகாதீர்கள். அது இருக்கிற தொகுப்பை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிற வேலை. அந்தத் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.

புது டிஸ்கையும் இப்போதைக்குச் செருக வேண்டாம். 24 என்பது படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களின் (டிஸ்கில் தரவு எழுதும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. உங்கள் டிஸ்க் உள்ளுக்குள் 4,096 பைட் செக்டார் உள்ளது என்றால், 512 பைட் கணக்கில் 24 என்பது நிஜத்தில் மூன்றே மூன்று செக்டார்தான். மூன்றுதானே என்று விடவும் முடியாது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போவதைத்தான் தாங்கும், அந்த ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. ரீபில்டு என்றால் மிச்சமுள்ள மூன்று டிஸ்கையும் காலி இடம் உட்பட முதலிலிருந்து கடைசி வரை படிக்கும். நடுவில் நாலாவது டிஸ்கின் அந்த மூன்று செக்டாரில் போய் முட்டினால், பல பெட்டிகள் அந்த டிஸ்கையும் வெளியே தள்ளிவிடும், அதோடு மொத்தத் தொகுப்பும் விழுந்துவிடும். காப்பி எடுக்கும்போது அதே செக்டார் வந்தால் அந்த ஒரு ஃபைலோடு போகும். அதனால் முதலில் காப்பி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

8 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து கல்யாணத்தை முதலில் எடுங்கள், எடுத்ததும் நாலைந்து ஃபைலைத் திறந்து கண்ணால் பாருங்கள், பிறகு பழைய வருஷங்களுக்குப் போங்கள். அது முடியும் வரை பெட்டியில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரையும் பெட்டியில் எந்தச் செருகுமிடத்தில் இருக்கிறது என்பதையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள். சிவப்பு டிஸ்கை எடுப்பதாக நினைத்துப் பக்கத்து டிஸ்கை உருவியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

மதுரை நெட்வொர்க்:

இவ்வளவு பயப்பட வேண்டுமா? எங்கள் ஆபீஸில் இதே அளவு பெட்டியில் இரண்டு தடவை டிஸ்க் மாற்றியிருக்கிறேன், 11 மணி நேரத்தில் ரீபில்டு முடிந்தது, ஒரு பைட் போகவில்லை. மூன்று டிஸ்கும் சேர்த்து 12 டிபி படித்தால் கட்டாயம் ஒரு பிழை வரும் என்று சிலர் சொல்வதெல்லாம் மிகை.

பழைய சர்வர்:

அந்தக் கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. 10-இன் அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு பிழை, அதாவது சுமார் 12.5 டிபிக்கு ஒன்று என்பது தயாரிப்பாளர் கொடுக்கும் மோசமான எல்லை. நல்ல டிஸ்க் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இங்கே கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை, நாலாவது டிஸ்க் தானாகவே வாய் திறந்து சொல்லிவிட்டது. உங்கள் ஆபீஸ் பெட்டியில் மாதாமாதம் ஸ்க்ரப், அதாவது எல்லா டிஸ்கையும் முழுக்கப் படித்துப் பார்க்கும் சோதனை, ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். டெபியன் லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற ரெய்டு மென்பொருளைப் போட்டாலே மாதத்தின் முதல் ஞாயிறு அது தானாக ஓடும். அண்ணனின் பெட்டியில் அப்படி ஓடியிருந்தால் இந்த மூன்று செக்டாரும் நாலு டிஸ்கும் நன்றாக இருந்தபோதே தெரிந்து, மற்ற டிஸ்குகளிலிருந்து சரிசெய்யப்பட்டிருக்கும்.

மதுரை நெட்வொர்க்:

ஆமாம், ஸ்க்ரப் ஓடுகிறது. பெண்டிங் 24-ஐ நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன். காப்பி எடுப்பதுதான் சரி.

மின்விசிறி:

மூன்று விஷயம் மட்டும். சிவப்பு டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தில் 199 என்று எண் போட்ட வரியையும் பாருங்கள், சிஆர்சி பிழை அது, தரவு கேபிள் வழியாகப் போகும்போது வருவது. அது மட்டும் ஏறி, 5-உம் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்) 197-உம் (பெண்டிங் செக்டார்) பூஜ்யமாக இருந்தால் கோளாறு டிஸ்கில் இல்லாமல் கேபிளிலோ செருகுமிடத்திலோ இருக்கலாம். அப்புறம், பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பாருங்கள், காற்று வருகிறதா? நான் பார்த்த ஒரு பெட்டியில் விசிறி இறக்கைகளில் தூசி கம்பளிபோலப் படிந்து சுற்றவே இல்லை, டிஸ்க் சூடு 56 டிகிரி. காப்பி எடுக்கும் முன் பெட்டியைத் திறக்காமலேயே எதிரில் ஒரு டேபிள் ஃபேனை வைத்துவிடுங்கள்.

வாங்கி வைத்திருக்கும் புது டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவதால் தொடர்ந்து எழுதும்போது மெதுவாகிவிடும் வகை) என்றும் பார்க்க வேண்டும். 2020-இல் நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்குகளில்கூட அது இருந்தது தெரிந்து பெரிய சர்ச்சையானது. ரீபில்டு நாள்கணக்கில் இழுக்கும்.

கும்பகோணம் ஸ்டூடியோ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பின்னால் காற்றே வரவில்லை, விசிறி நின்றுபோயிருந்தது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. டேபிள் ஃபேன் வைத்த அரை மணி நேரத்தில் சூடு 53-லிருந்து 41-க்கு இறங்கியது. சிவப்பு டிஸ்கில் 5 என்ற வரி ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது, அதனால் கேபிள் இல்லை, டிஸ்க்தான்.

ஐந்து கல்யாணமும் முதல் இரவே வெளியே வந்துவிட்டன. திறந்து பார்த்தேன், எல்லாம் சரி. மொத்தமும் எடுக்க 26 மணி நேரம் ஆனது. ஒரே ஒரு ஃபைல் பாதியில் நின்றுவிட்டது, 2019-இல் எடுத்த ஒரு கல்யாணத்தின் தாலி கட்டும் நேர வீடியோ.

பழைய சர்வர்:

நல்ல சேதி அண்ணே. அந்த ஃபைல் முக்கியம் என்றால், பெட்டியை அணைத்து, நாலாவது டிஸ்கைத் தனியாக ஒரு கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து உங்கள் புது டிஸ்குக்கு நகல் எடுத்துப் பாருங்கள், எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளும் மேப் ஃபைலைக் கொடுக்க மறக்காதீர்கள். சில செக்டார் பத்தாவது முயற்சியில் படிக்க வந்துவிடும். இல்லையென்றால் அந்த ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, புது விசிறி, நாலு புது டிஸ்க், இந்தத் தடவை ரெய்டு 6, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். 4 டிபி டிஸ்காகவே போட்டால் 8 டிபிதான் கிடைக்கும், உங்களுக்கு அது ஒரு வருஷம்கூடத் தாங்காது, அதனால் 6 டிபி டிஸ்காகப் பார்த்து, இரண்டு கடையில் இரண்டிரண்டாக வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வந்த டிஸ்குகள் ஒன்றாகவே மூப்படைகின்றன. அந்த 8 டிபி வெளி டிஸ்கை அழிக்காமல் வீட்டில் வையுங்கள், கடையில் வேண்டாம்.

கும்பகோணம் ஸ்டூடியோ:

டிடிரெஸ்க்யூ ஓடி முடிந்தது. 12 கேபி மட்டும் கடைசி வரை வரவில்லை, வீடியோ அந்த இடத்தோடு நிற்கிறது. மனசு கேட்காமல் அந்தக் குடும்பத்துக்கு போன் பண்ணிச் சொன்னேன். நாங்கள் அப்போது எடிட் செய்து கொடுத்த பென் டிரைவ் அவர்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதாம். நாளைக்குப் போய் ஒரு காப்பி எடுத்து வருகிறேன்.