பசியில்லாமல் பிரித்த பொட்டலம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

இரவுப்பணியாளர்:
கோப்பை நூடுல்ஸை நான் வீட்டில் தொடுவதே இல்லை. ஆனால் இரவுப் பணியில், மூன்று மணிக்குக் கெட்டில் கொதித்து அடங்கும் ஓசை கேட்டால் நால்வரும் எழுந்துவிடுவோம். அன்று வயிறு நிறைய உண்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். இருந்தும், மற்ற மூவரும் வெந்நீர் ஊற்றி, மூடி திறந்துகொள்ளாதிருக்க அதன்மேல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தபோது, வெறுங்கையுடன் நிற்கக் கூச்சமாக இருந்ததால் நான்காவது கோப்பையை எடுத்தேன். வேண்டுமா என்று ஒருவரும் கேட்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தனிவீட்டுக்காரி:
எனக்கு நேர்மாறு. நாலு பேர் நடுவில் அளந்து உண்பவள் நான். பிள்ளைகள் வெளியூர் சென்றபின், ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று சூடாக்கி உண்ணும் பொட்டலங்களுக்கு மாறிவிட்டேன். ஒருநாள் அழைப்பு மணி ஒலித்ததும், காலி உறையைக் குப்பைக் கூடையில் பழைய செய்தித்தாளுக்கு அடியில் அழுத்தி மறைத்தேன். என் வீட்டில், என் காசில் நான் தின்றதற்கு எதற்கு இந்த ஒளிவுமறைவு?

கணக்குப்பிள்ளை:
இருவரும் சூழலின்மேல் பழிபோடுகிறீர்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரங்கள் தங்கவைத்து ஆராய்ந்து, 2019-இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். நான்கு வாரமும் விரும்பிய அளவு உண்ணலாம் என்றிருந்தும், பதப்படுத்தாத உணவு தரப்பட்ட இரு வாரங்களைவிட, மிகையாகப் பதப்படுத்திய உணவு தரப்பட்ட இரு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். குற்றம் பண்டத்தில் இருக்கிறது, கெட்டிலில் இல்லை. என் கதை சிறியது: மகனுக்கு வாங்கிய சிப்ஸ், வண்டி வீடு சேருமுன் காலி.

பழக்கதோஷம்:
வண்டியில் தனியாக இருந்ததும் சூழல்தானே, ஐயா? 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், திரையரங்கில் கொறித்தே பழகியவர்கள் ஒரு வாரப் பழைய பாப்கார்னையும் புதியதைப்போலவே தின்று தீர்த்தார்கள். கூட்ட அறையில் கொடுத்தபோதோ பழையதைக் குறைவாகவே தின்றார்கள். பண்டம் ஒன்றுதான், இடம்தான் வேறு. பழகாத கையால் உண்ணச் சொன்னபோது திரையரங்கிலும் அந்தப் பழக்கத்தின் பிடி தளர்ந்தது. ஆகவே, இரவுப்பணி நண்பரே, இடக்கையால் உண்டு பாருங்கள். கெட்டில் கொதிக்கும் நேரத்தில் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வெறுங்கைதான் சிக்கல் என்றால் வெந்நீர்க் கோப்பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இவற்றில் ஒன்றையும் செய்து பார்த்ததில்லை.

இரவுப்பணியாளர்:
நேற்று இடக்கையால் உண்டேன். கையில் அடிபட்டதா என்று பக்கத்தில் இருந்தவர் பரிவோடு விசாரித்து, தம் கோப்பையில் பாதியையும் எனக்கே தள்ளிவிட்டார்.