இசையோடு மொழிப்பாடம்: உண்மையில் பலன் தருவது எது?

அகரன்:
பெரியவர்களுக்கு அயல்மொழி கற்பிக்கிறேன். பல்கேரிய மனநல மருத்துவர் கியோர்கி லோசானோவ் உருவாக்கிய சஜஸ்டோபீடியா முறையை இந்த முறை வகுப்பில் செய்து பார்த்தேன். சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி, பின்னணியில் இசை, அதன் ஏற்ற இறக்கத்தோடு நீண்ட உரையாடலை வாசித்துக் காட்டுவது, ஒவ்வொருவருக்கும் அந்த மொழியில் ஒரு புதுப்பெயர். வாய் திறந்தாலே தொண்டை அடைக்கும் ஒருவர், புதுப்பெயர் வந்ததும் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசினார். பிழைகள் நிறைய, ஆனால் நிறுத்தவே இல்லை. பயம் போனால் மொழி தானாக வரும்.

எழுத்தாணி:
பயம் போனது சரி. "தானாக வரும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வழக்கமான முறையைவிட 25 மடங்கு வேகமாக மனப்பாடம் ஆகும் என்று லோசானோவ் எழுதினார். 1979இல் மொழியியலாளர் தாமஸ் ஸ்கோவெல் லோசானோவின் நூலை அலசி, இது போலி அறிவியல் என்றே சொல்லிவிட்டார். உங்கள் மாணவர் பேசியது இசையாலா, ஒரே உரையாடலைப் பலமுறை கேட்டதாலா?

அகரன்:
லோசானோவ் சும்மா சாய்ந்து கிடக்கச் சொல்லவில்லையே! இசையோடு இரண்டு முறை வாசிப்பு, அப்புறம் அதே உரையாடலை வைத்து நடிப்பு, விளையாட்டு, கேள்வி பதில். இறுகிப்போன மனதுக்குள் எந்தப் பயிற்சியும் இறங்காது. இசை அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

தாழை:
இப்படி ஒரு வகுப்பில் நான் படித்திருக்கிறேன். அறைக்குள் சரளமாகப் பேசினேன். வெளியே ஒருவர் வழி கேட்டதும் "இடப்பக்கம்" என்ற சொல்கூட வரவில்லை, கையைத்தான் காட்டினேன். அங்கே இசையும் இல்லை, புதுப்பெயரும் இல்லை. என் பயம் போகவில்லை, அறை வாசலில் காத்திருந்தது. அதனால் கடைசி வாரங்களில் இசையை நிறுத்திவிட்டு, தெரியாதவர்களோடு பேசவிட வேண்டும்.

அகரன்:
இதை நான் யோசிக்கவில்லை. அடுத்த முறை இரண்டு குழுவாகப் பிரிக்கிறேன். அதே உரையாடல், அதே பயிற்சி. ஒன்றில் மட்டும் இசை. ஒரு மாதம் கழித்துச் சோதனை.

எழுத்தாணி:
நல்லது. ஆனால் இரண்டு குழுவுக்கும் நீங்களே வகுப்பு எடுக்காதீர்கள். ஆசிரியர் மீதான நம்பிக்கையே மருந்துபோல வேலை செய்யும் என்பது லோசானோவும் ஒப்புக்கொண்டதுதான். எந்தக் குழு ஜெயிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அது உங்கள் குரலிலேயே தெரிந்துவிடும்.