சம்பந்தி வீட்டுச் சேம்பிலை

நாகா மருமகன்:

என் மனைவிக்குச் சொந்த ஊர் பிலிப்பைன்ஸில், பிக்கோல் பகுதியில் இருக்கும் நாகா. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத்தான் அம்மாவை அங்கே அழைத்துப்போக முடிந்தது. மதுரையை விட்டு அதிகம் நகராதவர், முட்டைகூடத் தொடாதவர். போனது செப்டம்பரில், பெனாஃபிரான்சியா மாதா திருவிழா சமயம். அந்த நாட்களில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யார் யாரோ வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள்.

சைவம் என்றால் என்ன என்று மாமியாருக்குப் புரியவைக்கவே இரண்டு நாள் ஆனது. குலாய் என்றால் காய்கறி. ஆனால் குலாய் என்று வைக்கும் தட்டில் பன்றிக்கறி நாலு துண்டு கிடக்கும். கேட்டால், அது சும்மா ருசிக்காம். அதை எடுத்துவிட்டாலும் பாலாவ் இருக்கும், அதாவது பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. அதுவும் கூடாது என்றதும் மாமியார் நிஜமாகவே கவலைப்பட்டார். அப்புறம் அதில் என்னதான் ருசி இருக்கும்?

கடைசியில் நாத்தோங் செய்வதென்று முடிவானது. மணிலாக்காரர்கள் லாயிங் என்பார்கள். சேம்பிலையைக் காயவைத்து நொறுக்கி, இஞ்சி, பூண்டு, வெங்காயம், மிளகாயோடு தேங்காய்ப்பாலில் வேகவைப்பது. தேங்காய் துருவ அங்கே ஒரு குட்டிப் பலகை உண்டு. அரிவாள்மணைபோல அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும், முன்னால் பல்பல்லாக இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா யாரையும் கேட்கவில்லை, புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று தேங்காய். மாமியார் பக்கத்தில் நின்று முதல் பாலைப் பிழிந்து தனியாக எடுத்து வைத்தார், இரண்டாம் பாலை இலையோடு அடுப்பில் ஏற்றினார். அதுவரை நான் மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை.

பால் கொதித்ததும் அம்மா பழக்கதோஷத்தில் கரண்டியை உள்ளே விட்டார். மாமியார் மணிக்கட்டைப் பிடித்து, “டாய்!” என்றார். பிக்கோல் மொழியில் ‘கூடாது’ என்று அர்த்தம். மதுரைக்காரர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இலை வேகும்வரை கிளறினால் தொண்டை அரிக்குமாம். அரிப்புக்குக் காரணம் இலையில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள், நன்றாகக் காய்ந்து நேரமெடுத்து வெந்தால் போதும், கிளறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப்பார்த்தேன். இருவருமே என்னைச் சட்டை செய்யவில்லை. முக்கால் மணி நேரம் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தபோது அம்மா, “இனி ஊத்தலாம்” என்று முதல் பால் கிண்ணத்தைத் தமிழிலேயே நீட்ட, அவரும் வாங்கி ஊற்றினார்.

வெறும் உப்பு போட்ட நாத்தோங்கை மாமியார் ஒரு வாய் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய்த் தன் தட்டில் மட்டும் பாலாவ் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு வந்தார். அம்மா இரண்டு தரம் சோறு வாங்கினார்.

சம்பந்தி என்ற உறவைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. மணிலாக்காரர்கள் பேசும் தகாலோக் மொழியில் இருக்கிறது: பலாயே. அன்று வந்த விருந்தாளிகளிடமெல்லாம் மாமியார் அம்மாவை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்.

தாவோ டாக்டர்:

நான் மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸின் தெற்கே, தாவோவில். போன முதல் வாரம், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தைக் கடக்கும்போது வீட்டுக்கார அம்மா, “கவோன் தா!” என்றார். அங்கே பேசும் விசாயா மொழியில் ‘வா சாப்பிடலாம்’. நான் போய் உட்கார்ந்துவிட்டேன். வழியில் போகிறவரை அப்படிக் கூப்பிடுவது மரியாதைக்கு, ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ என்று சொல்லி நகர வேண்டும் என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் முகம் மாறவே இல்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். மூத்த பையனின் கிண்ணத்திலிருந்த கோழித்துண்டு என் கிண்ணத்துக்கு வந்தது. சின்னப் பெண் மட்டும் “பும்பாய்!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே இந்தியர்களுக்கு அதுதான் பெயர். அடங்காத பிள்ளைகளை ‘பும்பாய் பிடித்துப் போவான்’ என்றுதான் மிரட்டுவார்கள்.

அன்று தினோலா. கோழி, இஞ்சி, பப்பாளிக்காய், மேலே ஒரு கை இலை. இலையின் பெயர் கமுங்காய் என்றார்கள், மணிலாவில் மலுங்காய். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம் முருங்கைக்கீரை! மரம் கொல்லையிலேயே நின்றது. காயை மட்டும் அந்த வீட்டில் யாரும் சீண்டுவதில்லை. அதைப் பறித்து ஒருநாள் சாம்பார் வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் மரியாதைக்காகச் சக்கையோடு விழுங்கப் பார்த்தார், பாவம்.

கப்பல்காரன்:

எங்கள் கப்பலில் சமையல்காரர் பிலிப்பினோ. 22 பேருக்கு மூன்று வேளை. மணிலாவில் இறங்கியபோது புயலில் என் விமானம் ரத்தாகி, அவர் பக்கத்தில் கவித்தேயில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். வீட்டில் அடுப்புப் பக்கமே போகவில்லை மனுஷன். சமைத்தது மகள், பதினாறு வயதிருக்கும். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்து அதில்தான் சினிகாங் என்ற புளிப்புச் சூப் கொதித்தது. நம் புளிதான், ஆனால் பழுக்காத காயை வேகவைத்து மசித்து வடிகட்டிய புளிப்பு. பன்றி விலா, முள்ளங்கி, வள்ளைக்கீரை. ஒன்பது மாதம் பொடிப் பாக்கெட்டைப் பிரித்து எங்களுக்குச் சினிகாங் செய்து போட்டவர், மகள் வைத்ததை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினார். “புளிக்கிறதா அப்பா?” என்று அவள் கேட்க, பதில் சொல்லாமல் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

நாகா மருமகன்:

கப்பல்காரரே, அரிசி களைந்த தண்ணீர் என் மாமியார் வீட்டிலும் உண்டு. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அம்மா ஊருக்குத் திரும்பியதும் மொட்டைமாடியில் சேம்பிலை காயப்போட்டிருக்கிறார். இரண்டு தடவை மழையில் நனைந்து அழுகிப்போயிற்று. மூன்றாம் தடவை நாகாவுக்கே வீடியோ கால் போட்டு, வாணலியைக் கேமராவுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே சொல்: “டாய்!”