மறுமொழி: ‘சிக்கல்’ வேண்டாம், ‘பின்னல்’ வேண்டாம் – ‘பகாநிலை’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

குவாண்டம் என்டாங்கிள்மெண்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத நேரம் வாய்க்கவில்லை. நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக முன்கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நூலகத்தில் குவாண்டம் இயற்பியல் பற்றித் தமிழில் பேசினேன். இரண்டு ஃபோட்டான்கள் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் ஒரே நிலையைப் பகிர்ந்துகொண்டிருப்பதை ஸ்லைடில் ‘குவாண்டம் சிக்கல்’ என்று போட்டிருந்தேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: “அந்த ரெண்டு ஒளித்துகளுக்கும் என்ன சிக்கல் தம்பி? கடைசியில தீர்ந்துதா இல்லையா?” அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். ரயிலில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது, தவறு அவருடையது இல்லை. முக்கால் மணி நேரம் கவனமாகக் கேட்டவரை என் சொல்லே வேறு பக்கம் இழுத்துப் போயிருக்கிறது.

> புதுச்சொல் எதற்கு? என்டாங்கிள்மெண்ட் என்றே எழுதிவிடலாம். குவாண்டத்தை அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

ஜூரோங் அண்ணன் சொல்வதில் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். குவாண்டத்தைத் தொட வேண்டாம். அதற்குக் குவையம், துளிமம் என்ற தமிழ்ச்சொற்கள் எல்லாம் அழகுதான், ஆனால் வாசகர் குவாண்டத்துக்குப் பழகிவிட்டார். அது லத்தீனில் ‘எவ்வளவு’ என்ற ஒரு சாதாரணச் சொல், இன்று வெறும் பெயராக நிற்கிறது. என்டாங்கிள்மெண்ட் அப்படி இல்லை. அதற்குள் ஒரு படம் இருக்கிறது. ஆங்கிலம் அறிந்தவருக்கு நூல் சிக்கிக்கொண்ட படம் வரும், அறியாதவருக்கு ஒன்றுமே வராது. அப்புறம், ‘யார் பேசப்போகிறார்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை வீவக என்று எழுதுகிறோம், எச்டிபி என்று பேசுகிறோம். அதனால் வீவக தோற்றுப்போய்விட்டதா? தமிழ்ச் செய்தி எழுதுகிறவரிடம் அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு பாருங்கள், மறுநாளே திண்டாடுவார்.

> ‘பின்னல்’ எல்லாருக்கும் புரியும். தலைப்பின்னல் தெரியாத தமிழர் உண்டா?

பாசிர் ரிஸ் அக்கா, எனக்கும் முதலில் பின்னல்தான் பிடித்திருந்தது. இரண்டு காரணத்தால் விட்டேன். ஒன்று, குவாண்டம் கணினித் துறையில் உண்மையாகவே பின்னல் என்று ஒன்று இருக்கிறது. எனியான்கள் என்னும் துகள் போன்றவற்றை ஒன்றைச் சுற்றி ஒன்றாக நகர்த்திக் கணக்கிடும் முறை. அந்தப் பாதைகளை வரைந்தால் சடை போலவே இருக்கும். பின்னல் அதற்கு வேண்டும். இரண்டாவது காரணம்தான் பெரியது. சடையை அவிழ்த்தால் மூன்று கற்றையும் முழுசாகக் கிடைக்கும், பின்னுவதற்கு முன்பும் அவை முழுசாகவே இருந்தன. நாம் பேசும் ஃபோட்டான்கள் அப்படி இல்லை. ‘பிணைப்பு’ வேண்டாம், அது அணுக்கள் சேர்வதற்கு வேதியியலில் இருக்கும் சொல் என்று வேதியியல் ஆசிரியர்கள் இருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூலச்சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குவாண்டம் கொள்கை உலகை முழுமையாக விவரிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அதைப் படித்துவிட்டு இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் அதே ஆண்டு எழுதியபோது ஆங்கிலத்தில் என்டாங்கிள்மெண்ட் என்றார், ஜெர்மனில் ‘ஃபெர்ஷ்ரெங்குங்’ என்றார். ஜெர்மன்காரர் மார்பின் குறுக்கே கைகட்டி நிற்பதற்கும் அந்த வினையைத்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சிக்கிய நூல், ஜெர்மனில் கட்டிய கைகள். ஒரே ஆள் ஒரே கருத்துக்கு இரண்டு மொழியில் இரண்டு வேறு படம் வைத்திருக்கிறார்! பிறகு நாம் மட்டும் எதற்காக நூல்கண்டையே பிடித்துத் தொங்க வேண்டும்? (அதே 1935-இல்தான் கோ. சாரங்கபாணி இங்கே தமிழ் முரசைத் தொடங்கினார். சொல்லுக்கும் பத்திரிகைக்கும் ஒரே வயது. தொடர்பு எதுவும் இல்லை, சும்மா சொன்னேன்.)

ஆங்கிலச் சொல்லைப் பெயர்ப்பதை விட்டுவிட்டு, நடப்பதற்குப் பெயர் வைப்போம். என்ன நடக்கிறது? உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கை வைத்தே சொல்கிறேன். முதல் ஃபோட்டானின் நிலை ‘அ’ அல்லது ‘ஆ’, இரண்டாவதின் நிலை ‘இ’ அல்லது ‘உ’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அஇ + அஉ + ஆஇ + ஆஉ

இதை (அ + ஆ)(இ + உ) என்று காரணிகளாகப் பிரித்துவிடலாம். முதல் ஃபோட்டானுக்கு ஓர் அடைப்பு, இரண்டாவதுக்கு ஓர் அடைப்பு. அவரவர் கதை அவரவருக்கு. இப்போது இதைப் பாருங்கள்:

அஇ + ஆஉ

எப்படிப் புரட்டினாலும் இது இரண்டு அடைப்பாகப் பிரியாது. அவ்வளவுதான் விஷயம். நூலும் இல்லை, முடிச்சும் இல்லை, இடையில் ஓடும் மாயக்கம்பியும் இல்லை. மொத்தத்தின் நிலையை எழுத முடிகிறது, ஒவ்வொன்றின் நிலையைத் தனியாக எழுத முடியவில்லை.

ஷ்ரோடிங்கரைத் திகைக்க வைத்ததும் இதுதான். முழுப்பொருளைப் பற்றி அறியக்கூடியது அத்தனையும் அறிந்துவிட்டோம், ஆனாலும் அதன் உறுப்புகளைப் பற்றி முழுசாகத் தெரியாது. நம் இலக்கணச் சொல் எவ்வளவு வசதியாகப் பொருந்துகிறது பாருங்கள், முழுப்பொருள் முதல், உறுப்பு சினை. கையும் காலும் தெரிந்தால் ஆளைத் தெரியும் என்பது அன்றாட அறிவு. மெய்யியல்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். முதலில் பொருள்கள், பிறகு அவற்றுக்கிடையே உறவு என்ற வரிசையே இங்கே ஆட்டம் காண்கிறது. சிக்கல், பின்னல், பிணைப்பு மூன்றும் அந்தப் பழைய வரிசையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடுகின்றன.

இந்த யோசனையோடு இருந்தபோது மகள் தமிழ் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும். ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரித்தாலும் பாம்பு பாம்புதான். ‘விறுவிறு’ என்பதைப் பிரித்தால் ‘விறு’ என்பதற்குப் பொருளே கிடையாது. பொருள் ஜோடியில் இருக்கிறது, உறுப்பில் இல்லை. “அப்பா, ஏன் சிரிக்கிறீங்க?” என்றாள். விளக்கினால் வீட்டுப்பாடம் நின்றுபோகும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

உடனே ‘கிளவிநிலை’ என்று எழுதத் தோன்றியது. ஆனால் இரட்டை என்ற எண் இடிக்கும். இயற்பியலாளர்கள் கிரீன்பெர்கர், ஹார்ன், ஸைலிங்கர் 1989-இல் எடுத்துக்காட்டியது குறைந்தது மூன்று துகள்கள் இருந்தால்தான் அமையும் நிலை. ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் பிரியாமையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. பகுதி விகுதியாகப் பிரியும் சொல் பகுபதம், பிரியாதது பகாப்பதம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பகா எண் இன்னும் நெருக்கம். 7-ஐக் காரணிகளாகப் பிரிக்க முடியாது, அதனால் பகா எண். மேலே உள்ள கோவையையும் பிரிக்க முடியாது, அதனால் பகாநிலை. பிரிவது பகுநிலை. பண்பின் பெயர் பகாமை.

இலங்கை நண்பர்கள் ‘எங்களுக்கு அது முதன்மை எண்’ என்பார்கள். சரி, பகாப்பதம் இரு பக்கமும் பொது அல்லவா?

> பகா எண் என்றால் ஆம் அல்லது இல்லை. என்டாங்கிள்மெண்ட் கூடும், குறையும்.

உண்மை. ‘பகாமை அளவு’ என்று சொல்வோம், முழு அளவில் இருந்தால் ‘முழுப்பகாமை’.

புவன விஸ்தா ஐயா தனிமடலில் கேட்டதுதான் என்னை உண்மையில் மடக்கியது. அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். ஒரு சிவப்பு அங் பாவ் (சீனப் புத்தாண்டில் பணம் வைத்துத் தரும் உறை), ஒரு பச்சை உறை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தெம்பனிசுக்கும் மற்றதை ஜூரோங்குக்கும் அனுப்புகிறோம். தெம்பனிசில் சிவப்பைப் பிரித்தவருக்கு ஜூரோங்கில் பச்சை என்று அந்தக் கணமே தெரியும். ஆனால் இதில் குவாண்டம் எதுவும் இல்லை. நிறம் கிளம்பும்போதே முடிவாகிவிட்டது, நமக்குத்தான் தெரியாது. சிவப்பு-பச்சை, பச்சை-சிவப்பு என்ற இந்த இரண்டு வாய்ப்புகளின் கலவையையும் கணக்கில் எழுதினால் இரண்டு அடைப்பாகப் பிரியாது. அப்போது இதுவும் பகாநிலை ஆகிவிடாதா என்கிறார்.

ஆகாது என்று வரையறையில் சொல்லிவைக்க வேண்டியதுதான். பகுநிலைகளைக் கலந்து பெறக்கூடிய எதுவும் பகுநிலை. அப்படிக் கலந்தும் பெற முடியாதது மட்டுமே பகாநிலை. ஆங்கிலப் பாடநூல்களும் இந்த இடத்தில் இதே ஒட்டுப்போட்டுத்தான் போகின்றன. உறைக்கும் ஃபோட்டானுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தே காட்டலாம் என்பது இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் கண்டது. எல்லாம் கிளம்பும்போதே முடிவாகியிருந்தால், அளவீடுகளிலிருந்து கூட்டிப் பெறும் ஒரு குறிப்பிட்ட எண் 2-ஐத் தாண்டக் கூடாது. பகாநிலையில் சுமார் 2.83 வரை போகலாம். சோதனைகளில் அது 2-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளவுசர், ஸைலிங்கர் மூவரும் 2022-இல் நோபெல் பெற்றார்கள்.

‘இதெல்லாம் சிங்கப்பூரில் யாருக்கு வேண்டும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007-இல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஆர்ட்டூர் எக்கர்ட், செய்திகளைப் பூட்டித் திறக்கும் ரகசியச் சாவியைப் பகாநிலையை வைத்துப் பகிரும் முறையை 1991-இல் வகுத்தவர். அங்கே உருவான ஸ்பூக்கி-1 என்ற செயற்கைக்கோள் காலணிப் பெட்டியைவிடச் சிறியது, எடை 2.6 கிலோவுக்கும் குறைவு. 2019-இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டு, சுற்றுப்பாதையிலேயே இப்படிப்பட்ட ஃபோட்டான் ஜோடிகளை உண்டாக்கியது. தொலைவிலேயே நடக்கும் இந்த விளைவை ஐன்ஸ்டைன் பேய்வேலை என்று கிண்டல் செய்தார் அல்லவா, பெயர் அதிலிருந்து வந்தது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தவர் கையில் என்ன சொல் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கே திருப்தி இல்லாத இடம் வினைச்சொல். ஃபோட்டான்களைப் பகாநிலைக்குக் கொண்டுவருவதை எப்படிச் சொல்வது? ‘பகாப்படுத்து’ காதில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது. ‘பகாநிலையாக்கு’ பரவாயில்லை, ஆனால் நீளம். இப்போதைக்கு ‘பிணைத்துப் பகாநிலையில் வை’ என்று மூன்று சொல்லில் சமாளிக்கிறேன். இதில் பிணை என்பது செயலுக்கு மட்டும், நிலைக்கு இல்லை. வேதியியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அடுத்த பேச்சு சனிக்கிழமை, ஸ்லைடை வியாழன் இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். அதற்குள் நல்ல வினைச்சொல் யாருக்காவது தோன்றினால், பாதி ராத்திரி ஆனாலும் மடல் போடுங்கள்.

அன்புடன்,
செங்காங்கிலிருந்து