தாரக் மேத்தா எப்போது கெட்டது? தயாபென் போன பிறகா, அதற்கு முன்பேயா?

டோம்பிவிலி தாசன்:
நேற்று இரவு எட்டரை மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிடே மூச்சு வாங்க ஓடி வந்து, ஒரு கெட்ட செய்தி என்கிறார். உடனே கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது. எண்ணினேன். பதினொரு முகம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு 'டொய்ங்'. அப்புறம் விளம்பரம். வந்ததும் மறுபடி பிடே, மறுபடி முகங்கள். செய்தி என்ன என்பது நாளைக்காம்.

தெரியாதவர்களுக்கு: 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' சப் டிவியில் 2008 ஜூலை 28-இல் தொடங்கிய இந்தி நகைச்சுவைத் தொடர். மும்பை கோரேகாவ் கிழக்கில் கோகுல்தாம் என்று ஒரு கற்பனை ஹவுசிங் சொசைட்டி. குஜராத்தி ஜேட்டாலால், மராட்டி பிடே, பஞ்சாபி சோடி, வங்காள பபிதா, அவளுடைய தமிழ்க் கணவர் ஐயர் என்று எல்லோரும் அங்கே குடியிருக்கிறார்கள். 4000 எபிசோடைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் எங்கள் பில்டிங்கில் எட்டரைக்கு எல்லா வீட்டிலும் இந்த ஒரு பாட்டுதான் கேட்கும்.

என் கட்சி: ஜேட்டாலாலின் மனைவி தயாபென்னாக நடித்த திஷா வகானி 2017-இல் மகப்பேறு விடுப்பில் போனார், திரும்பி வரவில்லை. தொடர் அன்றைக்கே முடிந்தது. மற்றதெல்லாம் இழுவை.

முலுண்ட் சுகுணா:
தாசன் தம்பி, எட்டு வருஷத்துக்கும் முன்னால் முடிந்த தொடரில் நேற்று பதினொரு முகம் எண்ணியிருக்கிறீர்களே! சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

தயாபென் இல்லாதது பெரிய ஓட்டைதான், யார் இல்லை என்றது? ஆனால் இந்த யூனிட் என்னென்ன பட்டது என்று பாருங்கள். டாக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாத் 2018-இல் திடீரென்று இறந்தார். ஜேட்டாலால் கடையில் வேலை செய்யும் நட்டு காகாவாக நடித்த கன்ஷியாம் நாயக் 2021-இல் புற்றுநோயில் போனார். கதையைச் சொல்லும் மேத்தாவாக, ஜேட்டாலாலின் நண்பராக நடித்த சைலேஷ் லோடா 2022-இல் விலகினார். ஜேட்டாலாலின் மகன் டப்பு வேடத்துக்கு மூன்று பையன்கள் மாறிவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு மாமியார் மருமகள் சதி இல்லாமல், விஷம் வைக்காமல், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி தினமும் ஒன்று வருகிறது. அதுவே பெரிய விஷயம். வேறு எந்தத் தொடரை என் மாமியாரோடு உட்கார்ந்து பார்ப்பேன்?

கோவை குரு:
இரண்டு பேருக்கும் ஆண்டு தப்பு. நான் சொல்லும் தேதி 2014 அக்டோபர் 2.

அன்றைக்குத் தூய்மை இந்தியா திட்டத்தைத் தொடங்கிய பிரதமர் மோதி, துடைப்பம் எடுக்கச் சொல்லி ஒன்பது பேருக்கு அழைப்பு விட்டார். சச்சின், கமல், சல்மான் கான் இருந்த அந்தப் பட்டியலில் இந்தத் தொடரின் குழுவும் இருந்தது. அதுவரை கோகுல்தாம் என்பது சில்லறைச் சண்டை போடும் சாதாரண ஆட்கள் குடியிருந்த இடம். அதற்குப் பிறகு அது 'முன்மாதிரி சொசைட்டி'. முன்மாதிரி ஆட்களிடம் என்ன நகைச்சுவை இருக்கிறது?

நான் கோவையில் உட்கார்ந்துகொண்டு இந்தி கற்றதே இதைப் பார்த்துத்தான். அதனால் பழைய எபிசோடுகள் வசனத்தோடு நினைவில் இருக்கின்றன. ஜேட்டாலால் சோம்பேறி. பொய் சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்து வழிவார். கடையில் மாட்டிக்கொண்டு முழிப்பார். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதை மறைக்க மேத்தாவிடம் ஓட்டம், கடைசியில் அப்பா சம்பக்லாலிடம் திட்டு. குலாபோ என்று ஒருத்தி வந்து தான்தான் ஜேட்டாலாலின் மனைவி என்று உட்கார்ந்துகொண்ட கதை அப்படிப்பட்டது. அதில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. இப்போது ஜேட்டாலாலே கையைக் கட்டிக்கொண்டு குடிநீர் சேமிப்பு பற்றிப் பேசுகிறார். தயா அப்போது வீட்டில்தான் இருந்தார், குறித்துக்கொள்ளுங்கள்.

முலுண்ட் சுகுணா:
குரு, உபதேசம் முதல் நாளிலிருந்தே இருந்தது. எபிசோடு கடைசியில் மேத்தா வந்து நம்மைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவாரே, அது 2008-லேயே உண்டு. மூலமே 'சித்ரலேகா' என்ற குஜராத்திப் பத்திரிகையில் தாரக் மேத்தா 1971 முதல் எழுதிய பத்தி. பத்தி எழுதுகிறவர் கடைசியில் ஒரு கருத்துச் சொல்லத்தான் செய்வார்.

கோவை குரு:
அக்கா, கடைசி ஒரு நிமிஷம் கருத்துச் சொல்வது வேறு, இருபது நிமிஷமும் கருத்தாக இருப்பது வேறு. ரசத்தில் பெருங்காயம் போடலாம். பெருங்காயத்தையே ரசம் வைக்க முடியாது.

டோம்பிவிலி தாசன்:
குரு சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதிப் பாதியை இல்லை. 2014-க்கும் 2017-க்கும் நடுவே வந்ததும் பார்க்கும்படிதான் இருந்தது. ஏன் என்றால் தயா. அவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். கதை எவ்வளவு சப்பையாக இருந்தாலும் காலையில் ஒரு காட்சி உண்டு. ஜேட்டாலாலை எழுப்ப வேண்டும். அந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார். இதற்கு எழுத்தாளரே வேண்டாம், இரண்டு பேர் போதும்.

அப்புறம் அந்த அகமதாபாத் போன். தயாவின் அம்மா ஒரு தடவைகூடத் திரையில் வந்ததில்லை. ஆனால் மகள் போனில் பேசும்போது மாப்பிள்ளைக்கு அவர் வைக்கும் பட்டப்பெயர்களை ஜேட்டாலால் பக்கத்தில் நின்று கேட்டுப் பல்லைக் கடிப்பார். திரையில் இல்லாத ஒருவரை வைத்து வருஷக்கணக்காகச் சிரிக்க வைத்தார்கள். தயா போனதும் அந்த அம்மாவும் போய்விட்டார். அண்ணன் தம்பி என்று சுந்தர்லால் மட்டும் மிச்சம். (அவராக நடிப்பவர் திஷாவின் நிஜச் சகோதரர் மயூர் வகானி, அது வேறு.) இப்போது அவருடைய வேலை ஒன்றே ஒன்று: "அக்கா வருகிறாள், அக்கா வருகிறாள்" என்று சொல்லிவிட்டு அக்காவைக் கூட்டிவராமல் இருப்பது.

பவாய் பையன்:
வணக்கம். நான் இந்தத் தொடர் தொடங்கியபோது பால்வாடியில் இருந்தேன். இங்கே எல்லோரும் இரங்கல் கூட்டம் நடத்துகிறீர்கள். ஆனால் 2025 நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லையே? எல்லோரும் ஊர்சுற்றப் போய் ஒரு பங்களாவில் தங்க, அங்கே பேய் வந்ததே, அந்தக் கதை ஓடியபோது டிஆர்பியில் 'அனுபமா' என்ற இந்தித் தொடரையே தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது. 17 வயதான தொடர்! உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்கு வயதாகிவிட்டது, தொடருக்கு இல்லை.

டோம்பிவிலி தாசன்:
தம்பி, ரயில்வே ஸ்டேஷன் கேன்டீனிலும் கூட்டம்தான். வடை நன்றாக இருக்கிறது என்பதாலா?

பவாய் பையன்:
ஸ்டேஷனில் வேறு கடை கிடையாது சார். டிவியில் நூறு சேனல் இருக்கிறது, கையில் மொபைல் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒருவன் இதைப் பார்க்கிறான் என்றால் அதற்கு ஏதோ அர்த்தம் உண்டு.

கோவை குரு:
பையன் கேட்பது சரியான கேள்வி. அந்தப் பேய்க் கதையை நானும் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஏன் என்று சொல்லட்டுமா? சொசைட்டியை விட்டு வெளியே போனார்கள். உபதேசம் இல்லை. ஜேட்டாலாலுக்குப் பயம். அந்தப் பயம் ஒன்றே போதும், ஜேட்டாலாலாக நடிக்கும் திலீப் ஜோஷி மீதியைப் பார்த்துக்கொள்வார். அதாவது தயா இல்லாமலும் சிரிக்க வைக்க முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். தாசன் கட்சி அங்கேயே கவிழ்ந்தது. முடியும் என்றால் மற்ற மாதங்களில் ஏன் செய்வதில்லை? அங்கே சுகுணா அக்காவின் கட்சியும் கவிழ்கிறது.

முலுண்ட் சுகுணா:
ஏன் செய்வதில்லை என்றால், வாரத்துக்கு ஆறு எபிசோடு, அதனால். கணக்குப் போடுங்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய முந்நூறு. ஒரு நல்ல ஜோக் எழுத எவ்வளவு நேரமாகும்? மேடை நாடகக்காரர்கள் ஒரு நாடகத்தை வருஷக்கணக்காகப் பட்டை தீட்டுவார்கள். இவர்கள் காலையில் எழுதியதை மாலையில் எடுத்தாக வேண்டும். அந்த முகம் முகமாகக் காட்டுகிறதும் அதற்குத்தான். பதினொரு முகம் என்றால் ஒரு நிமிஷம் ஓடிவிடும், ஒரு வரி எழுத வேண்டாம். கெட்டிக்காரத்தனம் என்று சொல்லவில்லை. என் வீட்டிலும் ஆறு நாள் சமையலில் நாலு நாள் சாம்பார்தான்.

ராகவன் (செம்பூர்):
யாரும் ஐயரைப் பற்றி வாய் திறக்கவில்லையே. தமிழர்கள் கூடும் இடத்தில் இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

17 வருஷமாகத் தமிழன் என்று ஒருவரைக் காட்டுகிறார்கள். விஞ்ஞானி. சரி, மரியாதைதான். ஆனால் அவர் வாயில் வரும் தமிழ் 'அய்யோ'வைத் தாண்டவில்லை. நடிப்பவர் தனுஜ் மகாஷப்தே, மத்தியப் பிரதேசத்துக்காரர். தொடரின் எழுத்தாளர் குழுவில் இருந்து நடிக்க வந்தவர். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கொடுத்ததைச் செய்கிறார். கறுப்பான மதராஸிக்குச் சிவப்பான பெண்டாட்டியா என்ற ஜேட்டாலாலின் வயிற்றெரிச்சலில்தான் பாதி ஜோக் ஓடுகிறது. பள்ளியில் என் மகனை 'ஐயர் பாய்' என்று கூப்பிட்டார்கள். நாங்கள் ஐயரும் இல்லை. இது எப்போது கெட்டது என்று கேட்கிறீர்கள். எனக்கு முதல் நாளே கெட்டுத்தான் இருந்தது.

முலுண்ட் சுகுணா:
ராகவன் சார், அந்தக் கோபம் நியாயம். ஆனால் என் மாமியாருக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது, திருநெல்வேலியிலிருந்து வந்தவர். அவர் இந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்ததே "நம்ம ஐயர் வருவாரு" என்றுதான். ஜேட்டாலாலை ஐயர் மடக்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள். கறுப்பு வெள்ளை ஜோக்கெல்லாம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருந்தால் டிவியை உடைத்திருப்பார்.

ராகவன் (செம்பூர்):
புரியாததால் சிரித்தார் என்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பவாய் பையன்:
தெலுங்கில் டப்பிங் செய்தபோது தலைப்பையே 'தாரக் மாமா அய்யோ ராமா' என்று வைத்துவிட்டார்கள். ராகவன் சாருக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன் :)

டோம்பிவிலி தாசன்:
பழைய விஷயத்துக்கு வருகிறேன். குரு என் கட்சி கவிழ்ந்தது என்கிறார். கவிழவில்லை. ஹாத்தி இறந்தபோது நிர்மல் சோனியைக் கொண்டுவந்தார்கள் (தொடக்கத்தில் ஹாத்தியாக நடித்தவரே அவர்தான்). மேத்தா போனதும் சச்சின் ஷ்ராப். மேத்தாவின் மனைவி அஞ்சலிக்கு வேறு பெண். நட்டு காகாவுக்கும் வேறு ஒருவர். எல்லோரையும் மாற்றத் தெரிந்தவர்களுக்குத் தயாவை மட்டும் மாற்றத் துணிவில்லை. மாற்றவில்லை என்றால் அந்தப் பாத்திரத்தைக் கதையில் முடித்துவிட வேண்டும். அதுவும் செய்யவில்லை. 2023 கடைசியில் வருகிறாள் என்று ஆசை காட்டி ஏமாற்றியபோது தொடரைப் புறக்கணிக்கச் சொல்லி இணையத்தில் ஹேஷ்டேக் ஓடியது, நானும் போட்டேன். கல்யாணமாகாத போப்பட்லாலுக்கு வருஷக்கணக்காகப் பெண் பார்க்கிறார்கள், அதுவாவது ஜோக். தயாவுக்கு ஜேட்டாலால் காத்திருப்பது ஜோக்கும் இல்லை, சோகமும் இல்லை. அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டி இத்தனை வருஷம் வரவில்லை என்றால் எங்கள் சொசைட்டியில் என்ன பேசுவார்கள் தெரியுமா?

கோவை குரு:
ஹா ஹா. அதை மட்டும் கதையாக எடுத்தால் நான் மறுபடி தினமும் பார்ப்பேன்.

இன்னொரு சிக்கல், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்ட்டூனில் குழந்தை என்றைக்கும் குழந்தை. இங்கே டப்புவும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்த டப்பு சேனை நிஜமாக வளர்ந்தது. ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையன்கள் கல்லூரிக்குப் போனார்கள், மீசை வந்தது. 2024-இல் கோலியாக நடித்த குஷ் ஷாவும் கிளம்பிவிட்டார். பிள்ளைகளுக்கு மட்டும் காலம் ஓடுகிறது, பெரியவர்களுக்கு நிற்கிறது. பிடேவிடம் இன்னும் அதே சகாராம் ஸ்கூட்டர், அதே டியூஷன். அப்துல் கடையில் அதே சோடா.

முலுண்ட் சுகுணா:
அதே சோடா வேண்டும் என்றுதானே போகிறோம்?

சரி, தாசன் தம்பி, முதலில் விட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. 2017-இல் முடிந்த தொடரின் நேற்றைய எபிசோடை முகம் எண்ணிப் பார்த்தது எப்படி?

டோம்பிவிலி தாசன்:
அது... அப்பா பார்ப்பார். அவருக்கு எண்பத்தொன்று. எட்டரைக்குத்தான் சாப்பாடு, டிவி முன்னால்தான் சாப்பாடு. நான் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான்.

பவாய் பையன்:
நாங்களும் அதைத்தான் செய்கிறோம் சார்.

டோம்பிவிலி தாசன்:
இன்றைக்கு அந்தக் கெட்ட செய்தி என்னவென்று தெரிந்துவிடும். பிடேவின் ஸ்கூட்டர் காணாமல் போயிருக்கும் என்று அப்பா சொல்கிறார். நான் தண்ணீர் டேங்க் என்கிறேன்.

ராகவன் (செம்பூர்):
டேங்க்தான். போன தடவையும் டேங்க்தான்.